யாழ்ப்பாணத்திற் குடியிருப்பு நிலம்: உரிமையும் வழக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நீதிமன்றுகளிற் செலவிட்ட பொருளில் ஒரு பெரும்பகுதி நிலத்தின் பொருட்டே செலவாயிற்று எனலாம். வேலிக் கதியால் ஒரு முழம் நகர்ந்தமையால் எழுந்த எல்லை வழக்கு, பங்குக் கிணற்றில் நீர் இறைக்கும் முறை பற்றிய வழக்கு, வழி வாய்க்கால் வழக்கு, முதுசக் காணியைப் பங்காளிக்கு அறிவியாது பிறருக்கு விற்றமை பற்றிய வழக்கு என இவை பலவகைப்படும். அயலார் இவற்றை நகைப்புக்குரிய சிறு பூசல்களாகக் கொள்வதுண்டு. ஆயினும் இவ்வழக்குகளை ஒருசேர நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். யாழ்ப்பாணத்தில் வீடில்லாமை என்பது பெரும்பாலும் நிலமில்லாமையே. பனையும் தென்னையும் கிடுகும் சுண்ணாம்புக் கல்லும் உள்ள நாட்டிலே சுவரும் கூரையும் எழுப்புதல் அத்துணை அரிதன்று. அவற்றின் கீழ்க் கிடக்கும் மண் யாருக்கு உரியது என்பதே மூன்று நூற்றாண்டுகளாக வழக்கிடப்பட்டு வந்த பொருள். அவ்வழக்கு எவ்வாறு வளர்ந்தது, அதிலே இடம்பெறாது நின்றவர் யாவர், அவர் நிலை இன்றைய வீடமைப்புத் திட்டங்களை எங்ஙனம் தாக்குகின்றது என்பன ஈண்டு ஆராயப்படும்.

குடாநாட்டின் இயற்கையை முதலிற் கருதுதல் வேண்டும். இங்கே வற்றாத ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் மெல்லிய மண் படிந்த சமநிலமே யாண்டும் பரந்துள்ளது. மழைநீர் அப்பாறையின் வெடிப்புக்களினூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அந்நீரையே மக்கள் கிணறுகளிலிருந்து பெறுகின்றனர். ஆகவே குடியிருப்பு நிலம் என்பது வீடு நிற்கும் இடம் மட்டுமன்று; கிணறும் அதனோடு சேர்ந்ததாகும். பழைய உறுதிகளில் வளவின் பரப்பையும் நான்கெல்லையையும் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் விடாது குறிக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே. நிலம் பரப்பு, குழி என்னும் அளவுகளாற் கணிக்கப்பட்டது. பதினெட்டுக் குழி ஒரு பரப்பாகும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும். ஏக்கரைப் பதினாறாக வகுத்து, அப்பதினாறில் ஒன்றை மீண்டும் பதினெட்டாக வகுத்துக் கணக்கிட்ட மக்களிடத்து நிலத்தின் அருமை எத்துணையது என்பதை அவ்வளவையே உணர்த்தும்.

நிலத்தைப் பதிவு செய்து இறைவரி கொள்ளும் முறையை ஐரோப்பியர் இங்கு விரிவுபடுத்தினர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தலைமையிடத்தை நல்லூரிலிருந்து கடற்கரையோரத்துக்கு மாற்றினர். 1658ஆம் ஆண்டில் அவர்களை வென்ற ஒல்லாந்தர் ஐங்கோண வடிவினதாகிய கோட்டையைக் கட்டினர். கோட்டைக்குக் கிழக்கே நேரிய தெருக்களோடு ஐரோப்பியரும் அவர் வழிவந்தோரும் வாழ்ந்த பட்டினப் பகுதி எழுந்தது. வணிகரும் கைவினைஞரும் வண்ணார்பண்ணை முதலிய இடங்களிற் குடியேறினர். காணிகளும் அவற்றுக்கு உரியோரும் தோம்பு எனப்பட்ட ஏடுகளிற் பதியப்பட்டனர். தோம்பிற் பெயருள்ளவன் இறைவரிக்குக் கடன்பட்டவனாயினான். அதனோடு உரிமைக்குச் சான்றும் பெற்றான். தோம்பிற் பெயரில்லாதவன் அந்நிலத்திற் பல தலைமுறை வாழ்ந்திருப்பினும் ஏட்டின் கண்ணில் அவன் அங்கே இல்லாதவனே.

நிலவுரிமை பற்றிய நாட்டு வழமைகளை எழுத்துருவாக்கியவரும் ஒல்லாந்தரே. தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் என்பாரின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் அலுவல் பார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை இவ்வழமைகளைத் தொகுத்தார். 1707ஆம் ஆண்டிலே நிறைவெய்திய அத்தொகுப்பைப் பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் ஆராய்ந்து ஒப்புக்கொண்டனர். தேசவழமை எனப் பெயர் பெற்ற அதனை ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் நிலைநிறுத்தினர். தந்தைவழி வந்த முதுசம், தாய்வழி வந்த சீதனம், மணவாழ்விலே ஈட்டிய தேடியதேட்டம் என ஆதனத்தை அது மூவகையாகப் பகுத்தது. மகளிர்க்குச் சீதனமாகக் காணியும் வளவும் செல்லும் வழக்கத்துக்கு அது சட்ட வலு அளித்தது.

தேசவழமையின் விதிகளுள் ஈண்டுப் பெரிதும் கருதத்தக்கது முன்வாங்கும் உரிமையாகும். ஒருவன் தன் காணியை விற்க விரும்பின், அதனை முதலில் தன் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், அயற்காணிக்காரருள் அக்காணியை ஒற்றியாகப் பிடித்திருப்போருக்கும் அறிவித்தல் வேண்டும். அவர்கள் அதே ஊரிலிருப்பின் ஒரு மாதமும், ஊருக்குப் புறம்பே அதே மாகாணத்திலிருப்பின் மூன்று மாதமும், வேறு மாகாணத்திலிருப்பின் ஆறு மாதமும், அயல்நாட்டிலிருப்பின் ஓராண்டும் தவணை உண்டு. தவணைக்குள் அவர்கள் வாங்காவிடின் பிறருக்கு விற்கலாம். 1947ஆம் ஆண்டு 59ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளிகளுக்கும், விற்பவன் மரணசாதனமின்றி இறப்பின் அவனுக்கு உரிமைக்காரராகத் தக்கவர்களுக்கும் மட்டுமாகச் சுருக்கியது. எனினும் விதியின் உயிர்நிலை மாறவில்லை. வாங்க வருபவனிடம் பணம் உண்டா என்று கேட்பதற்கு முன்னர், அவன் யாருடைய பிள்ளை என்று கேட்கும் சட்டம் அது.

இச்சட்டத்தின் நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. வறுமையுற்ற ஒரு குடும்பத்தின் வளவு வட்டிக்குக் கொடுப்போன் கையிலோ முன்பின் அறியாதான் கையிலோ எளிதிற் சென்றுவிடாதபடி அது காத்தது. ஒரே முற்றத்தைச் சூழ வாழ்ந்த உடன்பிறந்தாரிடையே அந்நியர் புகுந்து கிணற்றுப் பங்குக்கு வழக்காடும் நிலையைத் தடுத்தது. மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு வளவு இருக்கச் செய்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல வாடகை வீட்டை அறியாது சொந்த மனையில் வாழ்ந்தமைக்கு இவ்வழமையும் ஒரு காரணமாகும்.

ஆனால் வேலி எதனைக் காக்கின்றதோ அதனையன்றி மற்றெல்லாவற்றையும் புறத்தே நிறுத்துவதும் அதன் இயல்பு. தேசவழமையில் நிலத்துக்கு உரியோரைப் பற்றிய பிரிவுகள் இருந்தவாறே, அடிமைகளைப் பற்றிய பிரிவும் இருந்தது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்போர் அப்பிரிவிலே கூறப்பட்டனர். 1844ஆம் ஆண்டில் அடிமை நிலை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. அன்று விடுதலை பெற்றவர்க்கு உடல் சொந்தமாயிற்று; காலடி மண் சொந்தமாகவில்லை. பனைத் தொழிலும் தோட்டக் கூலியும் செய்தோர், முன்போலவே பிறருடைய பனந்தோப்பின் ஒதுக்கிலும் தோட்டத்தின் மூலையிலும் குடிசையிட்டு வாழ்ந்தனர். அவர்கள் வாடகை கொடுக்கவில்லை. ஆதலால் வாடகைக் குடிகளைக் காக்கும் சட்டங்கள் அவர்களைச் சாரவில்லை. அவர்கள் காணிக்காரனின் அனுமதியுடன் இருந்தனர். ஆதலால் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி பத்தாண்டு எதிருரிமையோடு ஆண்டதாகக் கூறவும் அவர்களுக்கு வழியில்லை. முன்வாங்கும் உரிமையோ பங்காளிக்கும் உறவினனுக்கும் உரியது. நூறாண்டு ஒரு நிலத்திற் குடியிருந்தவனுக்கு அந்நிலம் விலைப்படும் செய்தியை அறிவித்தல் வேண்டும் என எவ்விதியும் கூறவில்லை.

இதன் விளைவு குடியிருப்போடு நின்றுவிடவில்லை. குடியிருக்கும் மண் பிறனுடையதாயின், கூலியைக் கூட்டிக் கேட்கவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும், கோயிலிலே தேநீர்க் கடையிலே சம உரிமை கோரவும் துணிதல் அரிது. துணிந்தவனைத் தண்டிக்கக் காணிக்காரன் நீதிமன்று செல்ல வேண்டியதில்லை. குடியெழும்பு என்னும் ஒரு சொல் போதும். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. பொதுவிடங்களின் கதவு அவ்வகையாற் சிறிது சிறிதாகத் திறந்தது. ஆனால் அக்கதவினூடே சென்றவர் மாலையில் மீண்டு போகும் குடிசை யாருடைய மண்ணில் நின்றது என்ற வினாவை அச்சட்டம் தொடவில்லை.

அக்காலத்திலே பட்டினமும் வளர்ந்துகொண்டிருந்தது. 1915ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வீடமைப்பு நகர் திருத்தக் கட்டளைச் சட்டம், கட்டடம் எழுப்புவோர் உள்ளூராட்சியின் அனுமதி பெறுதல் வேண்டும் என விதித்தது. 1949ஆம் ஆண்டு தொடக்கத்தில் யாழ்ப்பாணம் மாநகரசபை ஆயிற்று. சாம் சபாபதி அதன் முதல் முதல்வரானார். ஏறத்தாழ இருபது சதுர கிலோமீற்றர் பரப்பினுள் 1981ஆம் ஆண்டில் 118,000க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். சீதனத்தின் பொருட்டு வளவுகள் தலைமுறைதோறும் கூறுபட்டன. பத்துப் பரப்பு வளவு மூன்று பெண்மக்களுக்குப் பகிரப்பட்டு, அவர்தம் மக்களுக்கு மீண்டும் பகிரப்பட்டு, ஒரு பரப்பாகச் சுருங்குதற்கு இரண்டு தலைமுறை போதும்.

இச்சுருக்கத்தின் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சு ஆகும். அதனைச் சதுரமாக அளப்பின் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே 50 அடியேனும் வேண்டும் என்பது சுகாதாரத் துறையினர் பொதுவாக வற்புறுத்தும் அளவு. ஒரு வளவில் அதனை ஒருவாறு ஒப்பேற்றிக் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைப்பினும், வேலிக்கு அப்பாலுள்ள அயலவன் கிணறு அக்குழிக்கு அணித்தாகிவிடும். வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையோ எந்த வேலியையும் மதிப்பதில்லை. 1986ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி விதிகள் மனையின் குறைந்த அளவாக 150 சதுர மீற்றரைக் கொண்டன. அது ஆறு பேர்ச்சுக்குச் சிறிது குறைவு. குழாய்நீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள நகருக்கு அது பொருந்தலாம். கிணற்றையும் குழியையும் நம்பிய யாழ்ப்பாணத்தில், காணியைத் துண்டாக்கி மலிவாக விற்றல் வீடில்லாப் பிரச்சினையைத் தீர்ப்பதுபோலத் தோன்றி, நீர்ப் பிரச்சினையாக அதனை மாற்றிவிடுகின்றது. மலிவான மனை என்பது எவ்விலைக்கு மலிவு என்ற வினா ஈண்டு எழும்.

நிலமில்லாதார்க்கு நிலம் அளிக்க அரசு செய்த முயற்சிகள் பெரும்பாலும் குடாநாட்டுக்குப் புறத்தேயே நடந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழியே கிளிநொச்சி முதலிய இடங்களிற் குடியேற்றங்கள் அமைந்தன. அங்கே காணி பெற்றவர் நெல் விளைத்து வாழ்ந்தனர். எனினும் அது ஊரை விட்டு நீங்கியவனுக்கு ஊருக்கு அப்பாற் கிடைத்த பரிகாரமே. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாள் வைத்திருக்கக் கூடிய நிலத்தை ஐம்பது ஏக்கராகவும், நெற்காணியை இருபத்தைந்து ஏக்கராகவும் வரையறுத்தது. பரப்பாலும் குழியாலும் கணக்கிடப்பட்ட குடாநாட்டிலே அவ்வரம்பைக் கடந்த உடைமை அரிது. ஆதலாற் பகிர்ந்தளிக்கக் கிடைத்த நிலமும் அரிதாயிற்று. 1979ஆம் ஆண்டிலே தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. நிலத்தைப் பரப்பாமல் வீடுகளை மேலே அடுக்கும் முறைக்குக் குருநகரில் எழுந்த தொடர்மாடிகள் எடுத்துக்காட்டாயின. கடற்றொழிலை விட்டு அகலாது கரையோரத்திலேயே குடும்பங்கள் வாழ அவை இடமளித்தன. அம்முறை மேலும் பரவுதற்கு முன் போர் வந்தது.

போர்க்காலத்தில் நிலவுரிமையுடையோரும் நிலமில்லாதார் நிலையை எய்தினர். 1990ஆம் ஆண்டு பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிலே யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஒரு சில மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருங்கே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். உறுதிகள் பெட்டியோடு அழிந்தன. எல்லைக் கதியால்கள் காடாயின. வெறுவளவிற் பிறர் குடியேறினர். இக்காலத்து ஆட்சியைக் காட்டிப் பத்தாண்டு உரிமை கோருதலைத் தடுக்கும் பொருட்டு, 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரை கழிந்த காலத்தை, இடம்பெயர்ந்தோர்க்கு எதிராகக் கணக்கிடலாகாது என விதித்தது. உறுதியுடையவனை அது காத்தது. அதன் நோக்கமும் அதுவே.

2013ஆம் ஆண்டு ஏப்பிரிலில் வலிகாமம் வடக்கின் வழக்கு புதிய வடிவம் பெற்றது. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் 6,381 ஏக்கர் நிலம் படைத்தேவைக்கு எடுக்கப்படவுள்ளதென அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என அவை கூறின. கண்டறிய இயலாதவர் எனப்பட்டோருட் பலர் சில கல் தொலைவிலே, மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முதலிய நலன்புரி நிலையங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துகொண்டிருந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றை நாடினர். 2015ஆம் ஆண்டு முதல் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன; எனினும் யாவும் மீளவில்லை. முன்வாங்கும் வழக்கிலும் எல்லை வழக்கிலும் நெடுநாட் பயின்ற ஒரு மக்கட் கூட்டம், உறுதியைக் கையிலேந்தி அரசோடு வழக்காடிய நிகழ்ச்சி இது.

காணி மீளத் தொடங்கியபோதுதான் பழைய வினா மீண்டும் தலைகாட்டிற்று. காணி விடுவிக்கப்பட்டதும் உறுதியுடையோர் முகாமை விட்டு ஊர் திரும்பினர். முகாமில் எஞ்சியோருட் பலர் 1990க்கு முன்னரும் சொந்த நிலம் இல்லாதவர். பிறர் காணியிற் குடியிருந்தவர். அவர்கள் ஊர் விடுவிக்கப்பட்டது; அவர்களுக்கென அங்கே விடுவிக்கப்பட ஒரு குழி நிலமும் இருக்கவில்லை. முன்னைக் காணிக்காரரோ பிறநாடு சென்றிருந்தனர், அல்லது அந்நிலம் தம் மக்களுக்கு வேண்டும் என்றனர். முகாம்கள் தாமும் பல இடங்களிலே தனியார் காணிகளில் நின்றமையால், அக்காணிக்காரரும் தம் நிலத்தைக் கேட்டனர். இருபுறத்தாரும் நியாயமுடையோரே. அவ்விரு நியாயத்திற்கும் இடையில் நின்றது முகாமிலே பிறந்து வளர்ந்து தாமும் மணஞ்செய்த ஒரு தலைமுறை. 2016ஆம் ஆண்டிலே கீரிமலையில் 100 வீடுகள் கட்டி நிலமற்ற குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. நிலத்தையும் வீட்டையும் ஒருங்கே அளித்தமையால் அம்முயற்சி சிறிதாயினும் குறிப்பிடத்தக்கது.

பெருந்திட்டங்கள் நிலமுடையாரை நோக்கியே அமைந்தன. இந்திய அரசின் உதவியாலாகிய ஐம்பதினாயிரம் வீட்டுத் திட்டத்தில், வடக்கு கிழக்கிலே பயன்பெறுவோர் ஒவ்வொருவர்க்கும் 550,000 ரூபா தவணையாக வழங்கப்பட்டது. உரியவர் தாமே நின்று வீட்டைக் கட்டினர். பலர்க்கு அது பேருதவியாயிற்று. ஆயினும் பணம் பெறுதற்குத் தனக்கெனக் காணி காட்டல் வேண்டும். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதுவே இடர். 1990இல் ஒரு குடும்பமாகச் சென்றது மூன்று குடும்பமாக மீண்டது. சோனகத் தெருவிலுள்ள வளவோ ஒன்றாகவே இருந்தது. பின்னர் 65,000 இரும்பு வீடுகளை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது பெரும் வாதம் மூண்டது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதில் ஏறக்குறையப் பாதிச் செலவிற் கல்வீடு கட்டலாம் என மறுத்தோர் கூறினர். வெயில் மிக்க நாட்டிற்கு இரும்பு ஒவ்வாது என்றும், குடும்பம் பெருகுங்கால் அறை கூட்ட இயலாது என்றும், ஊர்க் கொத்தனுக்கும் தச்சனுக்கும் வேலை இல்லாமற் போகும் என்றும் காட்டினர். அத்திட்டம் நிறைவேறவில்லை. மறுப்பு நியாயமானதே. எனினும் சுவர் இரும்போ கல்லோ என்று நாடெங்கும் வாதித்த அவ்வேளையில், சுவர் எழுப்ப மண்ணே இல்லாதார் குரல் அவ்வாதத்தில் மிகச் சிறிதாகவே ஒலித்தது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வெவ்வேறு காலத்துச் சட்டங்கள் யாவும் ஒரே வகையினர்க்குத் துணைநின்றமை விளங்கும். தோம்பு பெயருடையானைக் காத்தது. தேசவழமை உறவுடையானைக் காத்தது. எதிருரிமைச் சட்டம் உறுதியுடையானைக் காத்தது. வீட்டுத் திட்டம் காணியுடையானுக்கு வீடு கொடுத்தது. அவை தீயன அல்ல. உரிமையைக் காத்தல் சட்டத்தின் கடனே. ஆயின் உரிமை இல்லாதானுக்கு உரிமையை உண்டாக்குதலும் ஒரு சமுதாயத்தின் கடன் என்பதை அவை மறந்தன.

அக்கடனைச் செய்யும் வழி அறியப்படாத ஒன்றன்று. பொதுத்தேவைக்கெனக் காணி எடுக்கும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. படைத்தளத்துக்குப் பயன்பட்ட அச்சட்டம், உரிய விலை கொடுத்து, நிலமற்ற குடும்பங்களுக்குக் குடியிருப்பு நிலம் பெறவும் பயன்படலாம். உடையவர் பிறநாட்டிலிருக்கத் தரிசாய்க் கிடக்கும் வளவுகள் பட்டினத்திலும் அயலிலும் பல. அவற்றைத் துண்டு துண்டாக விற்கவிடாது, மாநகரசபையும் பிரதேச சபைகளும் வாங்கி, பொதுக் கிணறும் பொதுக் கழிவுநீர் ஏற்பாடும் உடைய அடுக்குமனைகளாக்கின், மண்ணும் நீரும் ஒருங்கே காக்கப்படும். வழங்கும் உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் அமையின் தேசவழமை பெண்ணுக்கு அளித்த காப்பும் குன்றாது. ஒரு காணியிற் பல்லாண்டு குடியிருந்தார்க்கு, அக்காணி விலைப்படுங்கால் தம் குடிநிலத்தை முன்வாங்கும் உரிமை அளித்தல் வழமைக்கு மாறுபட்டதுமன்று. அயலாரிலும் அணியவன் அம்மண்ணிலே வாழ்பவன் அல்லனோ?

வீடு கட்டுதற்கு முன் நிலத்தை அளப்பது யாழ்ப்பாணத்தார் மரபு. வீடமைப்புத் திட்டம் வகுப்போரும் அம்மரபையே பின்பற்றல் வேண்டும். எத்தனை வீடு என்று எண்ணுமுன் எத்தனை குடும்பங்களுக்கு நிலமில்லை என்று எண்ணுதல் முறை. அவ்வெண்ணிக்கையிலிருந்து தொடங்கும் திட்டமே, 1844இல் விடுதலை பெற்றும் நிலம் பெறாதார் வழிவந்தோர்க்கு, தம் காலடி மண்ணைத் தமதென்று கூறும் உறுதியை அளிக்கவல்லது.